நாற்பத்து நான்காவது மணி

உங்கள் ஹார்டு டிஸ்கில் எத்தனை கோயில் மணிகள் இருக்கின்றன என்று கேட்டால் உங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. போன மாதம் ஸ்டூடியோப் பக்கம் வந்தபோது மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர், "நிறைய இருக்கு சார்" என்றார். இன்னொருவர், "தேடினா வரும்" என்றார். மூன்றாமவர் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

என்னிடம் நாற்பத்து நான்கு இருக்கின்றன. நாற்பத்து மூன்று மணிகள் விலைக்கு வாங்கிய ஒலி லைப்ரரிகளில் வந்தவை. மீதி ஒன்று வந்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முப்பத்தெட்டு வருடம் இந்த இசைத் தொழிலில் இருந்தேன். முதல் பதினாறு வருடம் மேடையில் கீபோர்டு. மற்ற இருபத்திரண்டு வருடம் தூத்துக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் கணினியின் முன்னால். வெளிநாட்டில் எங்கோ ஒரு மண்டபத்தில் யாரோ ஒருவர் வயலினை ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிவு செய்து விற்கிறார். நாம் இங்கே கீபோர்டில் விரலை வைத்தால் அவருடைய வயலின் நம் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவரை நமக்குத் தெரியாது. அவர் எதற்காக வாசித்தார் என்பதும் தெரியாது. இந்த இரண்டாவது விஷயத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

உப்பளக்காரர் ஒருவரின் பத்து விநாடி விளம்பரத்துக்கு அறுபது வயலின்கள் சேர்ந்து வாசிக்கும் லைப்ரரியை நான் ஒருமுறை பயன்படுத்தினேன். புதிதாக வாங்கியது, எங்காவது போட்டே ஆக வேண்டும் என்று கை துடித்தது. கேட்டு முடித்துவிட்டு அவர், "நல்லாருக்கு அண்ணாச்சி. கப்பல் எப்ப முங்கும்?" என்று கேட்டார். கடைசியில் ஒரே ஒரு புல்லாங்குழலோடு விளம்பரம் போனது. அந்த அறுபது பேரும் அதற்குப் பிறகு என் டிஸ்கில் சும்மாதான் இருக்கிறார்கள். இதில் எனக்கு வெட்கம் மட்டும்தான் நேர்ந்தது. மணி விஷயம் அப்படியல்ல. அதில் ஒரு மனிதரின் முப்பத்தொரு வருட வேலை போயிருக்கும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது நடந்தது. திருச்செந்தூர் சாலையில் போய்க் கடலைப் பார்த்துத் திரும்பினால் வரும் ஒரு மீனவ ஊர். பெயர் சொல்ல மாட்டேன். மாதாவுக்குப் பத்து நாள் திருவிழா. முதல் நாள் மாலை ஆறு மணிக்குக் கொடியேற்றம். கொடி ஏறும்போது ஒலிக்க ஒரு புதுப் பாட்டு வேண்டும் என்று ஊர்த் தலைவர் என்னிடம் வந்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"பாட்டு எங்க கோயில் மணியோட ஆரம்பிக்கணும், அண்ணாச்சி. கேட்ட உடனே கொடிமரத்துல நிக்க மாதிரி இருக்கணும்."

அந்த ஊர் ஸ்டூடியோவிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். இரண்டு மைக், ஸ்டாண்டு, வயர் எல்லாம் தூக்கிக்கொண்டு போய், கடல் காற்று அடங்கும்வரை காத்திருந்து, ஒரு மணியைப் பதிவு செய்து வருவதா? என்னிடம்தான் நாற்பத்து மூன்று இருக்கின்றனவே. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கேட்டேன். இருபத்தொன்பதாவது மணி பிடித்துப்போனது. ஐரோப்பாவில் ஒரு பெரிய தேவாலயத்தின் மணி. கனமான சத்தம், ஒருமுறை அடித்தால் பதினோரு விநாடி கார்வை. அதை நான்கு விநாடி இடைவெளியில் மூன்று முறை அடிக்கவிட்டேன். பிறகு ஒரு அமைதி. அதன் பிறகு டிரம்மும் கோரஸும். நானே எழுந்து நின்று கேட்டேன், அவ்வளவு திருப்தி.

அந்த லைப்ரரியோடு பதினான்கு பக்கக் குறிப்பு ஒன்று வந்திருந்தது. பக்கங்களை எண்ணினேன், படிக்கவில்லை. பிறகு படித்தபோது ஆறாம் பக்கத்தில், அந்த மணி துக்கத்துக்கு மட்டுமே அடிக்கப்படுவது என்று இருந்தது.

நான் தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரன். தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைவிக்கிற குடும்பம். எங்களுக்குக் கோயில் மணி என்றால் பூசை, அவ்வளவுதான். கடலோர ஊர்களில் மணி பேசும் என்பது எனக்குத் தெரியாது. அந்த ஊரில் திருவிழா மணி வேகமாக, மூச்சுவிடாமல் அடிக்கப்படும். சாவு மணி நிறுத்தி நிறுத்தி அடிக்கப்படும். இறந்தவர் பெண் என்றால் இரண்டு அடி. ஆண் என்றால் மூன்று. மணி கேட்டுவிட்டால் அடக்கம் முடியும்வரை ஒரு படகும் கடலுக்குப் போகாது; கொடியும் ஏறாது. இதை அந்த ஊரில் பால்பல் விழாத பிள்ளைகூடச் சொல்லும். நான் யாரிடமும் கேட்கவில்லை.

கொடியேற்றத்தன்று மதியம் மூன்று மணிக்கே போய்விட்டேன். லேப்டாப்பும் பாட்டின் எல்லாக் கோப்புகளும் கையில் இருந்தன. கடைசி நேரத்தில் ஏதாவது ஒன்று கெடும் என்பது என் நிரந்தரக் கவலை. மைக்செட்காரர் ஜெபா ஆறுமுகநேரியிலிருந்து வந்திருந்தார். அவருக்கும் அந்த ஊர் வழக்கம் தெரியாது. மணிக் கூண்டின் உச்சியிலேயே நான்கு கூம்பு ஸ்பீக்கர்களை நான்கு திசையிலும் கட்டியிருந்தார்.

"ஒவ்வொரு கூம்பா செக் பண்ணிருதேன் அண்ணாச்சி. பாட்டோட முதல் பன்னெண்டு செகண்டு போதும்" என்றார்.

நான் பந்தலில் நாற்காலி போட்டு டீயோடு உட்கார்ந்தேன். முதல் கூம்பில் மணி மூன்று முறை ஒலித்தது. டிரம் வருவதற்குள் ஜெபா நிறுத்திவிட்டார். கூம்பு ஸ்பீக்கர் கனமான சத்தத்தையெல்லாம் தின்றுவிடும். அதில் போட்டால் எந்த மணியும் அந்த ஊர் மணி போலத்தான் கேட்கும். 'எவ்வளவு பொருத்தம்' என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கூம்பு. மூன்று அடி. ஒரு தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். நாற்பத்தொன்று வரை எண்ணினேன். என் இசையைக் கேட்டு மக்கள் ஓடி வருவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டேன். அவர்கள் என்னைத் தாண்டி அடுத்த தெருவுக்குள் ஓடினார்கள்.

மூன்றாவது கூம்பு. ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு அழுதபடி போனாள். 'பக்தி' என்று நினைத்தேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது. ஆனால் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

அவர்கள் ஓடியது சூசை அண்ணாச்சி வீட்டுக்கு. கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர், எண்பத்தாறு வயது, இரண்டு வருடமாகப் படுக்கை. ஊரில் போகக்கூடிய நிலையில் இருந்த ஒரே ஆண் அவர்தான். அதனால் முதல் மூன்று அடியிலேயே ஊர் அவருக்கென்று முடிவு கட்டிவிட்டது. உள்ளே போனால் அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, அவித்த சீனிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருக்கிறார். அங்கே நடந்ததைப் பிறகு அவர் மருமகள் சொல்லக் கேட்டேன்.

"ஏலே, எனக்காலே மணி அடிக்கிய?"

"ஒமக்குன்னுதான் ஓடி வந்தோம், மாமா."

"நான் இன்னும் காப்பியே குடிக்கலயேலே! சரி, மூணு எனக்குன்னே வச்சுக்க. மத்த ஆறு எவனுக்கு?"

அவர் கேட்டு வாய் மூடவில்லை, நான்காவது கூம்பு ஒலித்தது. ஆக மொத்தம் பன்னிரண்டு அடி. நான்கு ஆண்கள்.

அந்தக் கணக்கு ஊருக்குப் புரிந்த விநாடியில் எல்லாமே மாறியது. நான்கு ஆண்கள் ஒன்றாகப் போவது வீட்டில் அல்ல, கடலில்தான். கொடியேற்றத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நண்டு வலை போடக் கிளம்பிய பதினோரு படகுகள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தன. பெண்கள் கரைக்கு ஓடினார்கள். ஒருத்தி, "எம் புள்ளைய காட்டுங்கடா" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. ஜெபாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"வயர் ஒண்ணு விட்டுப்போச்சு அண்ணாச்சி, வேன்ல பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போனார். அரை மணி நேரத்துக்கு அவரைக் காணவில்லை.

மணி கேட்டுப் படகுகள் தாமாகவே திரும்பின. நானும் கரையில் நின்று எண்ணினேன். பதினோராவது படகும் மணலில் ஏறியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூச்சுவிட்டார்கள். மூச்சு வந்ததும் கோபம் வந்தது.

"அப்ப மணிய அடிச்சவன் எவன்?"

ஊர் முழுவதும் மணிக் கூண்டின் அடியில் கூடியது. பங்குச்சாமியார் விருந்தினரை அழைத்துவரத் தூத்துக்குடிக்குப் போயிருந்தார். முடிவு சொல்ல வேண்டியவர் ஊர்த் தலைவர். அப்போதுதான் மிக்கேல் ஓடி வந்தார். முப்பத்தொரு வருடமாக அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை அவர். கதவு திறப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, மணி அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. திருவிழாவுக்கான வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு கை தேய்த்தது, ஒரு கை கசங்கியது.

"என்ன மணி இது? யாரு அடிச்சா?" என்று அவரும் கேட்டார்.

"அதத்தான் ஒன்ட்ட கேக்கோம். கூண்டுச் சாவி யார்ட்ட இருக்கு?" என்றார் தலைவர்.

"என்ட்டதான்." அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த சாவியைக் காட்டினார்.

"வேற சாவி?"

"கெடையாது."

"அப்ப வேற எவன்லே அடிப்பான்? பேயா?"

"நான் அடிக்கல தலைவரே. வீட்டுல சட்டை தேச்சிட்டு இருந்தேன்."

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல."

மிக்கேல் முன்பு குடித்துக்கொண்டிருந்தவர். நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. இப்படிப்பட்ட ஆறு வருடத்தை ஊர் ஒரு விநாடியில் மறந்துவிடும். பின்னாலிருந்து ஒரு குரல், "திரும்ப ஆரம்பிச்சிட்டான் போல" என்றது. இன்னொரு குரல், "வாயை ஊதச் சொல்லு" என்றது.

அந்தக் கூட்டத்தில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்ன யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரலாம். 'சாமியார் வந்ததும் தனியாகச் சொல்லலாம்' என்று முதலில் நினைத்தேன். 'ஜெபா திரும்பி வரட்டும், இரண்டு பேருமாகச் சொல்லலாம்' என்று அடுத்து நினைத்தேன். 'இவ்வளவு கோபத்தில் சொன்னால் லேப்டாப்பை உடைத்துவிடுவார்கள்' என்றும் நினைத்தேன். மூன்றும் நியாயமாகத்தான் தோன்றின. நம் தொழிலில் கோழைத்தனம் எப்போதும் வேலைத் திட்டம் போலத்தான் வரும்.

மிக்கேல் தலைவரின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாடையும் இல்லை.

"வாடை இல்லேன்னா? நெதானத்துலயே அடிச்சிருக்கான், அது இன்னும் மோசம்" என்றது அதே குரல்.

"சாவியக் கீழ வை" என்றார் தலைவர். "கொடி இன்னைக்கு ஏறுமா ஏறாதான்னு சாமியார் வந்து சொல்லட்டும். இனிமே மணி ஒன் கையில கெடையாது."

மிக்கேல் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது; அவிழ நேரமாயிற்று. சாவியைப் படியில் வைத்தார். நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார்.

"அது என் மணி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன். "அவர் அடிக்கவில்லை. அது என் மணி."

ஊர் திரும்பியது. "ஒமக்கு ஏது அண்ணாச்சி மணி?"

"கம்ப்யூட்டரில் இருக்கிறது. பாட்டில் போட்டிருக்கிறேன்."

போட்டுக் காட்டச் சொன்னார்கள். படியில் லேப்டாப்பை வைத்துப் போட்டேன். உங்களுக்குத் தெரியும், லேப்டாப் ஸ்பீக்கரில் கனமான சத்தம் என்ன ஆகும் என்று. ஐரோப்பாவின் பெரிய தேவாலய மணி, டீ கிளாஸில் ஸ்பூன் தட்டியது போல டிங், டிங், டிங் என்றது.

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு ஊரே சிரித்தது.

"இதுவா கூண்டுல கேட்டது? ஐஸ்காரன் மணில்லா இது!"

"எங்க கோயில் மணிச் சத்தம் எங்களுக்குத் தெரியாதா? பொறந்ததுலேருந்து கேக்கோம்."

தலைவர் என் தோளில் கை வைத்தார். "நீங்க நல்ல மனுசன் அண்ணாச்சி. ஒரு ஏழை வேலை போயிரக் கூடாதுன்னு பழிய தூக்கிப் போட்டுக்கிடுதிய. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். செய்த தப்பை ஒப்புக்கொள்வது கடினம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒப்புக்கொண்ட தப்பை நம்பவைப்பது அதைவிடக் கடினம்.

கூம்பில் போட்டால்தான் ஆகும் என்றேன். மறுபடியும் சாவு மணியா என்று ஊர் கொதித்தது. கடைசியில் தலைவரே மைக்கைப் பிடித்து, "இப்ப கேக்கப்போறது பாட்டு. சாவு இல்ல. திரும்பச் சொல்லுதேன், யாரும் சாகல. யாரும் ஓட வேண்டாம்" என்று மூன்று முறை அறிவித்தார். வேனிலிருந்து ஜெபாவைப் பிடித்து வந்தார்கள். பாட்டை முதலிலிருந்து போட்டோம்.

மூன்று அடி. தெரிந்தே கேட்டும் பல பேர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அமைதி. பிறகு டிரம்மும் கோரஸும் கூண்டின் உச்சியிலிருந்து இறங்கின. மிக்கேல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றிலும் கயிறும் இல்லை, சாவியும் இல்லை.

அடுத்து நான் வாங்கிய வசவை விவரிக்கப் போவதில்லை. அறுபத்து மூன்று பேர் திட்டினார்கள். பதினேழு பேர் இரண்டு முறை. கடைசியாகச் சூசை அண்ணாச்சியை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். "மியூசிக்காரரே, இதுல எனக்கு அடிச்சது சேத்தி இல்ல. நான் செத்தா முதல்லேருந்து அடிக்கணும்" என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார்.

சாவே இல்லாததால் கொடி ஏறலாம் என்று முடிவானது. பாட்டு வேண்டாம் என்றார் தலைவர்.

சாவியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த மிக்கேல்தான், "பாட்டு நல்லாத்தான இருக்கு தலைவரே? மணிதான் தப்பு. மணிய மாத்தச் சொல்லும்" என்றார்.

அப்போது ஐந்து பத்து. ஜெபாவின் இரண்டு மைக்கைக் கூண்டின் ஜன்னலில் கட்டினேன். மிக்கேல் ஏறித் திருவிழா மணியை மூச்சுவிடாமல் அடித்தார். ஒரு முழு நிமிடம் பதிவு செய்தேன். காற்று இருந்தது, காக்கா இருந்தது, ஜெபா தும்மியதும் இருந்தது. ஹெட்போனில் கேட்டபோது ஒவ்வொரு அடிக்கும் கடைசியில் ஒரு சின்னக் கரகரப்பு. மணியில் பழைய கீறல். அத்தோடு பாட்டின் சுருதிக்கு மணி அரைச் சுரம் கீழே நின்றது. மணியைச் சுருதிக்கு ஏற்றினேன். பக்கத்தில் நின்ற மிக்கேல், "இது எங்க மணி இல்லியே" என்றார். வேறு வழியில்லாமல் மணியை விட்டுவிட்டுப் பாட்டு முழுவதையும் அரைச் சுரம் கீழே இறக்கினேன். பாடகிக்குச் சளி பிடித்தது போல இருந்தது. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஜெபாவின் கையில் பென் டிரைவைக் கொடுத்தேன்.

கொடி ஏறியது. மணி ஒலித்தபோது எல்லோரும் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார்கள். ஒருவரும் ஓடவில்லை.

எல்லாம் முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மிக்கேல் இரண்டு டீயோடு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"மன்னிச்சிருங்க. உங்களை அப்படிக் கேட்டுக்கிட்டு இருந்தப்ப நாலு நிமிஷம் வாயைத் திறக்காம நின்னுட்டேன்."

"ஏழு" என்றார்.

"என்ன?"

"ஏழு நிமிசம் அண்ணாச்சி. நீங்க கூண்டுக் கடியாரத்துக்கு நேர் கீழதான நின்னிய. அஞ்சு நிமிசம் பிந்தி ஓடும், ஆனா ஓடும்."

டீயைக் கீழே வைத்தேன். "அது நான்தான்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"நம்ம மணி இல்லன்னு முதல் அடியிலயே தெரியும். எங்க மணிக்குக் கடைசியில ஒரு இருமல் உண்டு. ஒங்க மணி இருமல. இங்க வந்து பாத்தா, கம்ப்யூட்டரோட நிக்க ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் சொன்னா நம்புவானுவளா? நீங்க சொல்லியே நம்பல." டீயை ஒரு மடக்குக் குடித்தார். "அதான், எப்பச் சொல்லுதாருன்னு கடியாரத்தப் பாத்துட்டே நின்னேன்."

எல்லாவற்றையும் எண்ணுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்றைக்குக் கூம்பு, படகு, ஓடியவர்கள், திட்டியவர்கள் என எல்லாவற்றையும் சரியாகத்தான் எண்ணியிருந்தேன்.

அந்த மணி என் டிஸ்கில் நாற்பத்து நான்காவதாக இருக்கிறது. காக்கா, தும்மல், இருமல் எதையும் நீக்கவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன். அதோடு அரைப் பக்கக் குறிப்பு ஒன்றும் இருக்கும், தயவுசெய்து படியுங்கள். கோப்பைத் தேடும்போது 'மணி' என்று தேடாதீர்கள், கிடைக்காது. 'நாலு நிமிடம்' என்று பெயர் வைத்திருந்தேன். பிறகு எண்ணை மட்டும் திருத்திவிட்டேன்.